அப்பத்தாவின் சீரியலும் இருபத்தேழாயிரம் ரூபா ஹெட்போனும்

ரெண்டாவது சனிக்கிழமை. பேங்க் லீவு. லேக் மார்க்கெட்ல வாங்கின முருங்கைக்காயை தங்கமணி கிட்ட ஒப்படைச்சுட்டு, காபியோட பேப்பரை விரிச்சேன். பையன் வந்து பக்கத்துல உட்கார்ந்தான். அவன் தானா வந்து பக்கத்துல உட்கார்ந்தாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

"அப்பா, ஒரு ஹெட்போன் வேணும்."

"வாங்கிக்கோ தம்பி."

"34,990 ரூபா. இப்ப ஆஃபர்ல 26,990 தான்."

அந்த 'தான்' இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

எதுக்குடா இவ்வளவு விலையில்னு கேட்டேன். நியாயமான காரணம் ஒண்ணு வெச்சிருந்தான். சி.ஏ. இன்டர் படிக்கறான். பாடமெல்லாம் ஆன்லைன்ல. ஹால்ல அப்பத்தா டிவி ஓடுது. முன்னே 14ல வெச்சு கேட்டுக்கிட்டிருந்த அம்மா இப்ப 38ல வெக்கறாங்க. சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிச்சா ராத்திரி பத்து வரைக்கும் மாமியாரும் மருமகளும் எங்க வீட்டு ஹால்லயே குடியிருக்காங்க. "இதுல நாய்ஸ் கேன்சலேஷன் இருக்குப்பா, போட்டா உலகமே அமைதியாயிடும்"னான்.

விருதுநகர்ல அப்பா போனப்புறம் அம்மாவை கூட்டிட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. பெங்காலி தெரியாது, இந்தி தெரியாது, கீழ் வீட்டு மாசிமா கூட கையாலதான் பேச்சு. அவங்களுக்கு இருக்கற ஒரே தமிழ்நாடு அந்த டிவிதான். அதை நிறுத்துன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அதனால பையன் கேட்டதை உடனே தட்டிக்கழிக்கவும் முடியல. ஆனா இந்த ஹெட்போன் விஷயத்துல எனக்கு ஒரு கட்சி உண்டு. சொல்லிடறேன். சோனி, போஸ், ஆப்பிள் ரசிகர்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க.

என் கட்சி இதுதான்: வீட்டுல உட்கார்ந்து பாட்டும் பாடமும் கேக்கற நம்மளை மாதிரி குடும்பத்துக்கு முப்பதாயிரம் ரூபா ஒயர்லெஸ் ஹெட்போன் தண்டம். சத்தம் நல்லா இருக்காதுன்னு சொல்லல. நல்லாத்தான் இருக்கும். பத்தாயிரத்துக்கு மேல நீங்க குடுக்கற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் காதுக்கு என்ன வருதுன்னு கணக்குப் போட்டா தேறாதுங்கறேன்.

முதல்ல இந்த நாய்ஸ் கேன்சலேஷன். இதை வெகுஜனங்களுக்குக் கொண்டு வந்த அமர் போஸ் பாதி பெங்காலி. அப்பா நோனி கோபால் போஸ் சுதந்திரப் போராட்டக்காரர், வெள்ளைக்காரன் கிட்ட இருந்து தப்பிச்சு அமெரிக்கா போனவர். (எங்க பிராஞ்ச்ல ஒரு தாதா இந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். போஸ் ஹெட்போன் ஒண்ணு அவர்கிட்ட உண்டு, தேசபக்தி!) 1978ல அமர் போஸ் ஜூரிச்லேர்ந்து பாஸ்டனுக்கு பிளேன்ல போறார். குடுத்த ஹெட்போன்ல எஞ்சின் இரைச்சல்தான் கேக்குது, பாட்டைக் காணோம். அந்தப் பயணத்துலயே காகிதத்துல கணக்குப் போட ஆரம்பிச்சார். விமானிகளுக்கான ஹெட்செட் கடைக்கு வர 1989 ஆச்சு. சாதாரண பயணிகளுக்கு 2000ல.

கவனிங்க, இது பொறந்த இடம் பிளேன். எஞ்சின் ஊஊஊன்னு ஒரே மாதிரி, கனமா, விடாம இரையும். ஹெட்போன்ல இருக்கற மைக் அதைப் பிடிச்சு, அதுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி காதுக்குள்ள அனுப்புது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் மூணரை மீட்டர் கிட்ட வரும். அவ்வளவு நீளமான அலைக்கு சுலபமா எதிர் அலை போட்டுடலாம். ஆனா குக்கர் விசில் மூவாயிரம் ஹெர்ட்ஸ்ங்கற கணக்குல வருது. அதோட அலை பத்து சென்டிமீட்டர் கிட்ட. மைக் கேட்டு, சிப் யோசிச்சு, எதிர் அலை கிளம்பறதுக்குள்ள விசில் போய்ச் சேர்ந்துடும். அந்த மாதிரி கீச்சுக் குரலையெல்லாம் கொஞ்சமாவது தடுக்கறது காதை மூடற பஞ்சுதான். பஞ்சுக்கு சிப் வேண்டாம்.

இப்ப நம்ம வீட்டு சத்தத்தை எண்ணிப் பாருங்க. குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், தெருவுல ஹாரன், பக்கத்து வீட்டு சண்டை, அப்பத்தாவோட சீரியல். ஃபேனும் ஏசியும் தவிர எல்லாமே விட்டு விட்டு, திடீர் திடீர்னு, பேச்சுக் குரலா வர்றது. அதாவது இந்த தொழில்நுட்பம் எதுல வீக்கோ அதுவே நம்ம வீட்டு சத்தம். விலை கூடின மாடல்ல பேச்சுக் குரலும் முன்னை விட அதிகமா குறையுது, இல்லேன்னு சொல்லல. ஆனா குறையும், போகாது. 'என்னை அந்த வீட்டுக்குள்ள விடமாட்டீங்களா'ன்னு மருமக அழறது மெல்லிசா கேட்டுக்கிட்டேதான் இருக்கும். அதை அமுக்க பையன் பாடத்தோட சத்தத்தைக் கூட்டுவான். கூட்டினா கதை என்ன ஆகும்ங்கறதை அப்புறம் சொல்றேன்.

நான் தினம் காளிகாட்லேர்ந்து எஸ்ப்ளனேடுக்கு மெட்ரோல போறவன். கால்மணி நேரம். அங்கே இந்த ஹெட்போன் நல்லா வேலை செய்யும், சுரங்கத்துக்குள்ள ரயில் இரையறது ஏறக்குறைய பிளேன் மாதிரிதான். ஆனா கால்மணி நேர அமைதிக்கு முப்பதாயிரமா?

சரி, சத்தத் தரத்துக்கு வருவோம். 'விலைக்கேத்த சவுண்டு சார்'னு கடைக்காரர் சொல்லுவார். 2017ல ஜெரோன் ப்ரீபார்ட்ங்கற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களோட அளவீடுகளை எடுத்து, எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமா வருதுங்கறதையும் கடை விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். சம்பந்தமே இல்லைன்னு எழுதினார். விலை கூடினா ஒலி நல்லாயிடும்ங்கறது அதுல தெரியல. வசதி, எடை, கட்டுமானம் இதெல்லாம் அவர் அளக்கலைங்கறதையும் சொல்லிடணும், நான் ஒருதலைப்பட்சமா பேசறேன்னு யாரும் சொல்லக் கூடாது.

ஒயர்லெஸ்ல இன்னொரு கூத்து. ஒரு சி.டி.ல வினாடிக்கு 1411 கிலோபிட் தகவல் ஓடுது. எல்லா ப்ளூடூத் ஹெட்போன்லயும் கட்டாயம் இருக்கற எஸ்.பி.சி. முறையில வழக்கமா அதிகபட்சம் 328. சோனியோட எல்டாக் முறையில 990 வரைக்கும் போகும், ஆனா ஐபோன்ல எல்டாக்கே கிடையாது. ஐபோன் வெச்சிருக்கறவர் 'எல்டாக் இருக்கு'ன்னு சொல்லி சோனி வாங்கினா, டீசல் வண்டிக்கு பெட்ரோல் கூப்பன் வாங்கின மாதிரி. அதுவும் நம்ம ஆளுங்க கேக்கறது யூட்யூப்ல. அதுல வர்ற ஒலியே 128லேர்ந்து 160க்குள்ளதான். வாய்க்கால்ல வர்ற தண்ணி அவ்வளவுதான், தொட்டியை மார்பிள்ல கட்டி என்ன பிரயோஜனம்?

(எண்பதுகள்ல கடைல போய் பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, டி.டி.கே. 90 கேசட்ல ராஜா பாட்டு பதிவு பண்ணி வாங்கிட்டு வருவாங்க எங்க சித்தப்பா. டேப் 'ஸ்ஸ்ஸ்'னு இரையும். அந்த இரைச்சலோடதான் வயலினையும் ரசிச்சோம். இப்ப சில பாட்டைத் துல்லியமா கேட்டா ஏதோ குறையற மாதிரி இருக்கு. இது கட்சிக்கு சம்பந்தமில்லாத புலம்பல், விடுங்க.)

இன்னொண்ணு, வீட்டுலேர்ந்து வேலை பாக்கறவங்களுக்கு. லேப்டாப்ல மீட்டிங் போட்டு ஹெட்போன் மைக்கை ஆன் பண்ணின உடனே, சாதாரண ப்ளூடூத்ல சத்தம் போன் பேச்சு தரத்துக்கு இறங்கிடும். அறுபதாயிரம் ரூபா ஹெட்போன் ஆனாலும் ரெண்டாயிரம் ரூபா ஹெட்போன் ஆனாலும் மேனேஜர் குரல் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒயர் மைக்கை லேப்டாப்ல சொருகிட்டா இந்தத் தொல்லை இல்லை.

இப்ப என் பேட்டைக்கு வர்றேன். பி.காம். படிச்சவன், இருபத்திரண்டு வருஷமா பேங்க்ல குப்பை கொட்டறவன். தேய்மானம் தெரியாம எதையும் வாங்கக் கூடாதுங்கறது என் மதம்.

2021ல ரெண்டாவது அலை நேரம். வீட்டுல எல்லாருக்கும் மீட்டிங். நானும் மதம் மாறி 26,000 ரூபா குடுத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். முதல் வருஷம் ராஜபோகம். ரெண்டாவது வருஷம் கொல்கத்தா புழுக்கத்துல காது மெத்தையோட தோல் உரிய ஆரம்பிச்சது. தினம் ஆஃபீஸ் போறப்போ காது மடல்ல கறுப்பு கறுப்பா ஒட்டிக்கிட்டிருக்கும், கவுன்டர்ல கஸ்டமர் என்னை ஒரு மாதிரியா பார்ப்பார். மெத்தை மாத்தினேன். 2025 ஆரம்பத்துல பேட்டரி ஒரு மணி நேரம்கூட தாங்கல, ஒரு பக்கம் ஊமை. சர்வீஸ் சென்டர்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு: "பேட்டரி மட்டும் மாத்தறதில்ல சார், பதினைஞ்சாயிரம் கட்டினா வேற பீஸ் தர்றோம்."

26,000 ரூபா, நாலு வருஷம், கடைசி மதிப்பு சைபர். நேர்கோட்டு முறையில வருஷத்துக்கு 6,500, மாசத்துக்கு 540 சொச்சம். எங்க வீட்டு கேபிளும் பால் கணக்குல பாதியும் அதுல அடங்கும்.

இதே அலமாரில இன்னொரு ஹெட்போன் கிடக்கு. 2003ல பேங்க்ல சேர்ந்த முதல் மாச சம்பளத்துல, சென்னை பர்மா பஜார்ல பேரம் பேசி 1,100 ரூபாய்க்கு வாங்கினது. ஒயர் வெச்சது. நாலு மாநிலம் என்கூட டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கு. பஞ்சு ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். ஒரு தடவை ஜாக் அறுந்து போச்சு, இங்கே சாந்தினி சௌக்ல ஒரு பெரியவர் ஐந்து நிமிஷத்துல ஈயம் பத்த வெச்சு 150 ரூபா வாங்கினார். இன்னைக்கும் பாடுது. ஒயர் ஹெட்போன்ல கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லை. காஸ் கம்பெனியோட போர்ட்டா ப்ரோ 1984ல வந்தது, சோனியோட எம்.டி.ஆர். 7506 1991ல வந்து ரெக்கார்டிங் தியேட்டர்கள்ல குடியேறினது, ரெண்டும் பல பத்து வருஷம் கழிச்சும் புதுசா கிடைச்சுது. ஒயர்லெஸ்ல? சோனியோட 1000எக்ஸ்எம் வரிசைல 2018ல மூணு, 2020ல நாலு, 2022ல ஐந்து, 2025ல ஆறு. நாலு வந்தப்போ இங்கே 29,990. ஆறு வந்தப்போ 39,990. நீங்க தவணை கட்டி முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள உங்களுது 'பழசு'.

தவணைன்னதும் ஞாபகம் வருது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' சைபர் வட்டின்னு ஒண்ணு உலகத்துல கிடையாது மக்களே, பேங்க்காரன் சொல்றேன் நம்புங்க. சைபர் சதவீதம்னு சொல்லி வட்டியை மறைக்கற வேலையை ரிசர்வ் பேங்க் 2013 செப்டம்பர்லயே கண்டிச்சுடுச்சு. இப்ப நடக்கறது என்னன்னா, வட்டி உண்டு, அந்த வட்டி அளவுக்கு விலைல தள்ளுபடி குடுக்கறாங்க. 35,000 ரூபா பொருள், ஆறு மாசம், 15 சதவீதம்னு வைங்க. வட்டி 1,480 சொச்சம். அது தள்ளுபடில சரியாப் போச்சு. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 267 ரூபா உங்க தலைல. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜி.எஸ்.டி. மொத்தம் ஐந்நூறு ரூபா. ஐந்நூறுல யாரும் போண்டியாயிட மாட்டாங்க. ஆனா மொத்தமா 35,000 எடுத்து வைன்னா எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க? 5,833ன்னு காட்டறதாலதான் வாங்கறாங்க. சத்தத்துக்கு விலை போட்டாங்களோ இல்லையோ, நம்ம சபலத்துக்கு சரியா விலை போட்டிருக்காங்க.

பிராஞ்ச் தாதா இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கார். "தினம் ரெண்டு மணி நேரம், நாலு வருஷம், கிட்டத்தட்ட 2,900 மணி நேரம். முப்பத்தஞ்சாயிரத்தை வகுத்துப் பார். மணிக்கு பன்னிரண்டு ரூபா. ஒரு பாண்ட் சா விலைதான்!"

கணக்கு சரி, வாதம் தப்பு. இப்படி வகுத்தா தங்கத் தட்டுல சாப்பிடறதும் நியாயம்தான், தினம் மூணு வேளை ஆச்சே! சராசரியைப் பார்க்கக் கூடாது, கூடுதலாக் குடுக்கறதுக்கு கூடுதலா என்ன வருதுன்னு பார்க்கணும். ப்ளஸ் ஒன் எகனாமிக்ஸ்ல குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதின்னு படிச்சோமே, முதல் மாம்பழம், ரெண்டாவது மாம்பழம்னு, அதேதான். சோனியோட சி.எச்.720என் 2023ல 9,990க்கு வந்தது. நாய்ஸ் கேன்சலேஷன் அதுலயும் உண்டு. 35,000 ரூபா எக்ஸ்எம்5ல இருக்கற ரெண்டு சிப்புல ஒண்ணு இதுலயும் இருக்கு. எடை 192 கிராம், அது 250 கிராம். ஆப்பிளோட ஏர்பாட்ஸ் மேக்ஸ், 2020 டிசம்பர்ல 59,900க்கு வந்தது, 385 கிராம் கிட்ட. தலைல கால் படி அரிசியை வெச்சுக்கிட்டு பாட்டு கேக்கற மாதிரி. பத்தாயிரத்துல வாங்கினா மணிக்கு மூணரை ரூபா. மிச்ச எட்டரை ரூபாய்க்கு என்ன வருது? கொஞ்சம் கூடுதல் அமைதி, கொஞ்சம் மெத்துன்னு பிளாஸ்டிக், பெட்டியைத் திறக்கறப்போ ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷம் ரெண்டு நாள்ல தேஞ்சுடும்.

எதிர்க்கட்சில ஒரு நல்ல பாயின்ட் இருக்கு, மறைக்க மாட்டேன். வெளி இரைச்சல் குறைஞ்சா நாம சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேப்போம், காதுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75. மூணு டெசிபல் கூட்டினா நேரம் பாதி. அதாவது 89 டெசிபல்ல வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்தான். அப்புறம் சொல்றேன்னேனே, இதுதான். சீரியலை அமுக்கறதுக்காக பையன் பாடத்தை இன்னும் சத்தமா வெச்சான்னா அவன் காதுலேர்ந்து கடன் வாங்கறான். அந்தக் கடனுக்கு தள்ளுபடியெல்லாம் கிடையாது. மாசத்துக்கு நாலு தடவை பறக்கறவங்க, சர்வர் ரூம்ல வேலை பாக்கறவங்க, சத்தம் கேட்டா துடிச்சுப் போற ஆட்டிசம் குழந்தை இருக்கற வீடு, நல்ல நாய்ஸ் கேன்சலேஷன் வாங்குங்க, இவங்க யாரையும் நான் தண்டம்னு சொல்லல.

ஆனா எங்க வீட்டு கணக்குல ஒரு வரி விட்டுப் போச்சு. பையன் கேக்கறது அப்பத்தா டிவி சத்தத்தை மறைக்க. அப்பத்தா ஏன் 38ல வெக்கறாங்க? காது கேக்கல. இது எங்க எல்லாருக்கும் ஒரு வருஷமா தெரியும். கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்பறாங்க. போன்ல அக்கா பேசறப்போ 'ஆமா, ஆமா'ன்னு சும்மா தலையாட்டறாங்க. போன தீபாவளிக்கு ஒரு ஆடியோலஜிஸ்ட் கிட்ட விசாரிச்சேன். நடுத்தர மிஷின் ஒரு காதுக்கு 28,000 சொன்னார். அம்மா கிட்ட சொன்னேன். "எழுபத்திநாலு வயசுல எனக்கெதுக்குய்யா அம்புட்டு ரூவா? கேட்ட வரைக்கும் போதும்"னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். 26,000க்கு எனக்கு ஹெட்போன் வாங்கறப்போ என்கிட்ட நானே அப்படிக் கேட்டுக்கல பாருங்க.

ரெண்டுமே மைக், சிப், ஸ்பீக்கர், பேட்டரி சேர்ந்த மிஷின்தான். ஒண்ணு சத்தத்தைத் தள்ளுது, ஒண்ணு சத்தத்தைக் கொண்டு வருது. ஜெர்மனியோட சென்ஹைசர் கம்பெனி பொதுமக்களுக்கான ஹெட்போன் வியாபாரத்தை 2022ல வாங்கினது யாரு தெரியுமா? சோனோவா, காது மிஷின் செய்யற சுவிஸ் கம்பெனி. ஹெட்போனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எது தேவை எது ஆசைன்னு வரி போடறவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல தெரியல.

பையன் கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அதாவது, நோய் ஹால்ல இருக்கு, மருந்தை நீ உன் ரூம்ல தேடறேன்னு. அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அப்பத்தாவுக்கு ரெண்டு காதுக்கும்னா 56,000 ஆகுமேப்பா, அதுக்கு தேய்மானம் போட்டீங்களா?"ன்னான். சி.ஏ. படிக்கற பையனைப் பெத்தா இதெல்லாம் கேட்டுத்தான் ஆகணும். போட்டேன்டா, அதுவும் அஞ்சாறு வருஷத்துல தேயும்னு சொன்னேன். இதுக்கு நான் மணிக்கு எவ்வளவுன்னு வகுக்கப் போறதில்லைன்னும் சொன்னேன். தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து, "ரெண்டு பேரும் பேசினது போதும், முதல்ல டெஸ்ட்டுக்கு டேட் வாங்குங்க"ன்னா.

வர்ற நாலாவது சனிக்கிழமை ஆடியோகிராமுக்கு டேட் வாங்கியிருக்கு. அம்மாவை சம்மதிக்க வெச்சது பையன்தான். "அப்பத்தா, மருமக என்ன சொல்லி அழறான்னு உங்களுக்கு முழுசா கேக்கவேயில்ல, பாதிக் கதைதான் பாத்துக்கிட்டிருக்கீங்க"ன்னானாம். அது வேலை செஞ்சிருக்கு.

அதுவரைக்கும் பர்மா பஜார் ஹெட்போனை அவன் கிட்ட குடுத்திருக்கேன். அவன் போன்ல ஒயர் சொருகற ஓட்டையே இல்லை. சாந்தினி சௌக்ல 250 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிக் குடுத்தேன். "சவுண்டு பரவால்லப்பா"ங்கறான். ஆனா அந்த 26,990ஐ கார்ட்லேர்ந்து இன்னும் எடுக்கல. கேட்டா, பூஜா ஆஃபர் வரட்டும்ங்கறான்.